சிறுநீர் வரும் உணர்வு மங்கும்போது: அடியிறக்கம் உள்ள பெண்களுக்கு முழுமையான வழிகாட்டி

அடியிறக்கம் (கருப்பையோ சிறுநீர்ப்பையோ பிறப்புறுப்புப் பக்கம் கீழே இறங்குவது), கருப்பை இறக்கம் என்றதும் நினைவுக்கு வருவது கனம், புடைப்பு, இருமினால் சொட்டுவது. இதற்கு நேர் எதிரான ஒரு தொல்லையும் உண்டு. சிறுநீர்ப்பை நிறைந்தாலும் நிறைந்தது தெரியாது. காலை ஏழு மணிக்குப் போனவர் மத்தியானம் இரண்டு மணிவரை கழிப்பறைப் பக்கமே போகமாட்டார். கேட்டால், “எனக்கு வரவே இல்லையே” என்பார். அடிக்கடி ஓட வேண்டியதில்லை என்பதால் இதை யாரும் கோளாறாக எண்ணுவதில்லை. சிங்கப்பூர்த் தேக்கா சந்தையில் காய்கறி வாங்கிவிட்டு, கோயிலுக்கும் போய்விட்டு, ஐந்தாறு மணி நேரம் கழித்து வீடு திரும்பும்வரை கழிப்பறை தேடாமல் இருக்க முடிகிறதே என்று மகிழ்பவர்கள்கூட உண்டு.

உணர்வு மங்கிய பையை உணர்வை நம்பி நடத்த முடியாது. கடிகாரத்தையும் மில்லிலிட்டரையும் வைத்துத்தான் நடத்த வேண்டும். கீழே வரும் படிகள் எல்லாம் அதற்கான வழிமுறைகளே.

உள்ளே நடப்பது என்ன

வளர்ந்த பெண்ணின் சிறுநீர்ப்பை பொதுவாக 400 முதல் 600 மி.லி. வரை கொள்ளும். 150, 200 மி.லி. சேரும்போதே ‘ஏதோ இருக்கிறது’ என்ற முதல் உணர்வு வரும். 300க்கு மேல் போகத் தோன்றும். 400ஐத் தாண்டினால் அடக்குவது கடினம். பையின் சுவர் விரியும்போது அதிலுள்ள நரம்பு முனைகள் இந்தச் செய்தியை முதுகுத்தண்டு வழியாக மூளைக்கு அனுப்புகின்றன.

பிறப்புறுப்பின் முன்சுவர் தளர்ந்தால் அதன்மேல் இருக்கும் சிறுநீர்ப்பையும் சேர்ந்து இறங்குகிறது. பை இறங்கினாலும் சிறுநீர்க்குழாயின் மேல்பகுதி பெரும்பாலும் தன் இடத்திலேயே நிற்கும். ஆகவே இரண்டுக்கும் நடுவில், தோட்டத்து ரப்பர் குழாயை மடித்ததுபோல ஒரு மடிப்பு விழுகிறது. நீர் முழுவதும் வெளியேறாமல் உள்ளே தங்கும். அதை இங்கே ‘மிச்ச நீர்’ என்போம். மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் பை அளவுக்கு மீறி விரிந்தே கிடந்தால், நரம்பு முனைகளும் சுவர்த் தசையும் களைத்துவிடுகின்றன. முதலில் உணர்வு தாமதமாகும், பிறகு மங்கும், கடைசியில் பையைச் சுருக்கித் தள்ளும் வலுவும் குறையும். வலு குறைந்தால் மிச்ச நீர் இன்னும் கூடும். இப்படி ஒன்றை ஒன்று வளர்த்துக்கொண்டே போகும்.

பிரசவத்தில் இடுப்பு நரம்புகள் இழுபட்டதும், மாதவிடாய் நின்ற பிறகு திசு மெலிவதும் இதில் சேரும். ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: அடியிறக்கம் உள்ளவர்களில் அதிகம் பேருக்கு வருவது அவசரமும் அடிக்கடி போவதும்தான். உணர்வு மங்குவது அந்த அளவுக்குப் பரவலானதல்ல. அதனால், உங்களுக்கு உணர்வு குறைந்திருந்தால் உடனே இறக்கத்தின்மேல் பழியைப் போட்டுவிட வேண்டாம். வேறு காரணங்களையும் தேட வேண்டும்.

இவை இருந்தால் மேலே படிக்க வேண்டாம், கிளம்புங்கள்

ஆறு முதல் எட்டு மணி நேரமாக ஒரு சொட்டும் வரவில்லை, அடிவயிறு கல்போல இருக்கிறது. தொடைகளின் உள்பக்கமும் மலவாய்ச் சுற்றும் திடீரென மரத்துப்போயிருக்கிறது. கூடவே கால் வலுவிழப்பு, மலம் தெரியாமல் போதல் அல்லது புதிய கடும் முதுகுவலி. குளிர்க் காய்ச்சலோடு விலாப்பக்க வலி. சிறுநீரில் இரத்தம். வெளியே வந்த புடைப்பு உள்ளே போகாமல் கறுத்து வலிக்கிறது.

இதில் எது இருந்தாலும் அன்றைக்கே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். நடக்க முடியாவிட்டால் 995 என்ற ஆம்புலன்ஸ் எண்ணை அழையுங்கள். புடைப்பு, நீரடைப்பு போன்றவற்றுக்குக் கேகே மகளிர், சிறார் மருத்துவமனையில் 24 மணி நேர அவசரப் பிரிவு இருக்கிறது. மரத்துப்போவதும் கால் வலுவிழப்பும் முதுகுத்தண்டின் கீழ்நரம்புகள் நசுங்குவதன் அடையாளமாக இருக்கலாம். அதற்குப் பெரிய பொது மருத்துவமனைக்கு நேராகப் போவதே சரி. காலை வரை பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டால் நரம்பு திரும்பாமலே போகக்கூடும்.

படி 1: மூன்று நாள் அளவுக் கணக்கு

ஒரு லிட்டர் கொள்ளும், 50 மி.லி. கோடுகள் போட்ட பிளாஸ்டிக் அளவுக் குவளை ஒன்று வாங்குங்கள். சமையலறைக் குவளையை எடுக்க வேண்டாம். இதற்கென்றே தனியாக ஒன்று வையுங்கள். கழிப்பறை இருக்கைக்கு அடியில் மாட்டும், கோடு போட்ட பிளாஸ்டிக் கிண்ணம் கிடைத்தால் இன்னும் எளிது. குனிந்து குவளையைப் பிடிக்கும்போது வயிறு இறுகி நீர் பாதியில் நின்றுவிடுவதுண்டு.

தொடர்ச்சியான மூன்று நாள் எழுதுங்கள்; அதில் ஒரு நாளாவது வெளியே போகும் நாளாக இருக்கட்டும். ஒவ்வொரு முறையும் நான்கு விவரம் வேண்டும்: மணி, வந்த அளவு, உணர்வு எண், கசிவு இருந்ததா இல்லையா. உணர்வு எண்ணை இப்படிப் போடலாம். ஒன்றுமே தெரியவில்லை, மணி பார்த்துப் போனேன் என்றால் 0. வயிறு கனம், இடுப்பில் ஒரு அசௌகரியம், சிலிர்ப்பு போன்ற மறைமுக அடையாளம் மட்டும் என்றால் 1. லேசாகப் போகத் தோன்றினால் 2, நன்றாகத் தோன்றினால் 3, அடக்க முடியாவிட்டால் 4. குடித்ததையும் எழுதுங்கள்: காப்பிக்கடைத் தேநீர் ஒரு கோப்பை ஏறக்குறைய 200 மி.லி., வீட்டு டம்ளரை ஒருமுறை அளந்து வைத்துக்கொண்டால் போதும். ரசம், கஞ்சி, சூப் எல்லாம் கணக்கில் சேரும்.

ஒரு நாள் பக்கம் இப்படி இருக்கலாம்: காலை 6.30, 650 மி.லி., உணர்வு 1. பகல் 1.15, 480 மி.லி., உணர்வு 0, சமையல் முடிந்ததால் போனது. 1.20, மறுபடி உட்கார்ந்ததில் 140 மி.லி. மாலை 6.40, 420 மி.லி., உணர்வு 1. இரவு 10.30, 300 மி.லி., உணர்வு 0. இந்தப் பக்கத்தில் கவனிக்க வேண்டியது அந்த 140. ஐந்து நிமிடத்தில் சிறுநீரகம் அவ்வளவு நீரை உண்டாக்காது. அது முதல்முறை வெளியேறாமல் உள்ளே தங்கியிருந்த நீர். 650 மி.லி. சேர்ந்தும் உணர்வு 1தான் என்பது பை தன் அளவை மறந்துவிட்டதைக் காட்டுகிறது.

இன்னொரு வகைக் கணக்கும் உண்டு, ஏமாற்றுவது அதுதான். மணிக்கொரு தரம் 70, 80, 90 மி.லி. என்று போய்க்கொண்டே இருப்பார். பார்த்தால் ‘அடிக்கடி போகும் நோய்’ போலத் தெரியும். ஸ்கேன் செய்தால் ஒவ்வொரு முறையும் உள்ளே 350 மி.லி. மிச்சம். பை எப்போதும் விளிம்புவரை நிறைந்திருப்பதால் மேலே வழிவது மட்டும் வருகிறது. இவருக்கு அவசரத்தைக் குறைக்கும் மாத்திரையைக் கொடுத்தால் பை இன்னும் மந்தமாகி முழு அடைப்பில் கொண்டுபோய் விடலாம். மிச்ச நீரை அளக்காமல் அந்த மாத்திரையைத் தொடங்கக்கூடாது என்பது இதனால்தான்.

படி 2: பழி வேறு எதன்மேல் இருக்கலாம்

நம் சமூகத்தில் முதலில் சந்தேகிக்க வேண்டியது நீரிழிவை. சிங்கப்பூர் இந்தியர்களிடையே அது அதிகம்; பல ஆண்டு கட்டுக்குள் இல்லாத சர்க்கரை, பாதத்தை மரக்கவைப்பதுபோலவே சிறுநீர்ப்பை நரம்பையும் மரக்கவைக்கும். பாதத்தில் எரிச்சல், பஞ்சுமேல் நடப்பதுபோன்ற உணர்வு கூடவே இருந்தால் இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். மெட்ஃபார்மின் என்ற நீரிழிவு மாத்திரையை நெடுநாள் சாப்பிடுபவர்களுக்கும், முழுச் சைவர்களுக்கும் பி12 குறைவு வரக்கூடும்; அதுவும் நரம்பைத் தொடும்.

அடுத்தது மருந்துப் பெட்டி. சளிக்கும் அரிப்புக்கும் வாங்கும் குளோர்ஃபெனிரமைன், தூக்கம் வரவழைக்கும் டைஃபென்ஹைட்ரமைன், நரம்பு வலிக்குத் தரும் அமிட்ரிப்டைலின், கோடீன் கலந்த இருமல் மருந்து, அவசரத்துக்குத் தரும் ஆக்ஸிபியூட்டினின், சோலிஃபெனசின் ஆகியவை பையின் சுருங்கும் வலுவைக் குறைக்கும் அல்லது உணர்வை மழுங்கடிக்கும். மருத்துவர் எழுதியதை நீங்களாக நிறுத்த வேண்டாம். ஆனால் எல்லா அட்டைகளையும், ஊரிலிருந்து கொண்டுவந்த நாட்டு மருந்து டப்பாவையும் சேர்த்து, ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். பெயர் ஞாபகம் இல்லாத ‘அந்த வெள்ளை மாத்திரை’தான் பல நேரம் காரணமாக இருக்கும்.

முதுகுத்தண்டுக் கோளாறு, பார்க்கின்சன்ஸ், பழைய இடுப்பு அறுவை, மலம் கல்லாகத் தேங்கிக் கிடப்பது ஆகியவை மற்றவை. கடைசியாகச் சொன்னதை அலட்சியப்படுத்த வேண்டாம். நிறைந்த மலக்குடல் முன்னால் இருக்கும் பையை அழுத்தி, நீர் வெளியேறுவதைத் தடுக்கும்.

படி 3: மருத்துவரிடம் போவது

பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) தொடங்குவது செலவுக்கு நல்லது. அங்கிருந்து பரிந்துரைக் கடிதத்தோடு போனால் பொது மருத்துவமனை நிபுணரைச் சலுகைக் கட்டணத்தில் பார்க்கலாம். சாஸ் அட்டை (மருந்தகக் கட்டணத்துக்கு அரசு தரும் சலுகை அட்டை) உள்ளவர்கள் சாஸ் திட்டத்தில் சேர்ந்த தனியார் மருந்தகத்திலிருந்தும் அந்தக் கடிதத்தைப் பெறலாம். நேராக நிபுணரிடம் போனால் தனியார் கட்டணம் ஆகிவிடும். 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் வெளிநோயாளர் செலவை மெடிசேவ் மருத்துவச் சேமிப்பிலிருந்து கட்ட உதவும் ஃப்ளெக்ஸி மெடிசேவைக் கேட்டுப் பார்க்கலாம். நீங்கள் தேட வேண்டிய பிரிவு பெண்களுக்கான சிறுநீரியல், இடுப்புத்தளப் பிரிவு (இடுப்புத்தளம் என்பது இந்த உறுப்புகளைக் கீழிருந்து தாங்கும் தசைகள்). கேகே, சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனை, தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனை ஆகியவற்றில் அது உண்டு.

அறைக்குள் நேரம் குறைவு. “அடி இறங்கியிருக்கிறது டாக்டர்” என்று மட்டும் சொன்னால் புடைப்பைப் பார்த்துவிட்டு அனுப்பிவிடலாம். இப்படிச் சொல்லுங்கள்: “சிறுநீர்ப்பை நிறைந்தாலும் எனக்குத் தெரிவதில்லை. மூன்று நாள் அளந்திருக்கிறேன். காலையில் 650 மி.லி. வந்தும் அவசரம் இல்லை. போன பிறகு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.” மருத்துவருக்குத் தமிழ் தெரியாவிட்டால் தாளைக் காட்டினாலே போதும், எண்களுக்கு மொழி வேண்டாம். மாமியாரை அழைத்துப் போகும் மருமகள்களுக்கு ஒரு வார்த்தை: மகன் அறையில் இருந்தால் பாதிப் பேர் வாயே திறப்பதில்லை. பரிசோதனையின்போது பெண் மருத்துவரோ பெண் தாதியோ வேண்டும் என்று முன்பதிவிலேயே கேளுங்கள்.

அங்கே நடக்க வேண்டியவை: சிறுநீர்ப் பரிசோதனை, சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி அளவு, சிறுநீரகச் செயல்பாட்டுக்கான இரத்தப் பரிசோதனை, கால் அனிச்சையும் மலவாய்ச் சுற்று உணர்வும், இருமவைத்து இறக்கத்தின் நிலை பார்த்தல். இறக்கத்தை 1 முதல் 4 வரை நிலை பிரிப்பார்கள். பிறப்புறுப்பு வாயிலை ஒட்டி ஒரு சென்டிமீட்டருக்குள் வந்தால் 2, அதையும் தாண்டினால் 3, முழுவதும் வெளியே வந்தால் 4. நீர்த் தேக்கம் பெரும்பாலும் 3, 4இல்தான். காலையில் சோதித்தால் இறக்கம் சிறியதாகத் தெரியும். மாலையில் எவ்வளவு வெளியே வருகிறது என்பதைச் சொல்லுங்கள், அல்லது நின்றபடி சோதிக்கக் கேளுங்கள்.

மிச்ச நீர் அளவுதான் திருப்புமுனை. நீர் கழித்த பத்து நிமிடத்துக்குள் வயிற்றின்மேல் சிறு ஸ்கேன் கருவியை வைத்துப் பார்ப்பார்கள். வலி கிடையாது. 50 மி.லி.க்குள் நல்லது. 100ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டும். 200க்கு மேல் மறுபடி மறுபடி வந்தால் சிகிச்சை தேவை. 300க்கு மேல் மாதக்கணக்கில் நீடிப்பது நாள்பட்ட தேக்கம். சிறுநீரகத்தையும் ஸ்கேன் செய்யக் கேட்க வேண்டும். ஒரே அளவை நம்ப வேண்டாம். மருத்துவமனையில் பதற்றத்தோடு போகும்போது யாருக்கும் சரியாக வராது, வேறு நாளில் இன்னொரு முறை பாருங்கள். சினைப்பைக் கட்டி இருந்தால் கருவி அதையும் நீராக எண்ணிவிடக்கூடும்.

தேவைப்பட்டால் நீரோட்ட அழுத்தச் சோதனை செய்வார்கள். மெல்லிய டியூப் வழியாகப் பையை மெதுவாக நிரப்பி, எந்த அளவில் முதல் உணர்வு, எந்த அளவில் பலமான உணர்வு என்று குறிப்பார்கள். இறக்கத்தை மேலே தாங்கிவிட்டு ஒருமுறையும் தாங்காமல் ஒருமுறையும் பார்க்கச் சொல்வது நல்லது. தாங்கியதும் நன்றாக வெளியேறினால் குற்றம் மடிப்பின்மேல். தாங்கியும் வரவில்லையென்றால் தசையே களைத்திருக்கிறது. அறுவைக்குப் பிறகு எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்பதை இந்தச் சோதனை முன்கூட்டியே காட்டிவிடும்.

படி 4: மணி பார்த்துப் போவது

நிபுணரைப் பார்க்கக் காத்திருக்கும் வாரங்களிலேயே இதைத் தொடங்கலாம். விதி எளிது: ஒருமுறை வந்த அளவு, அதோடு மிச்ச நீர், இரண்டின் கூட்டுத்தொகை 400ஐ ஒட்டி இருக்க வேண்டும், 500ஐத் தாண்டக்கூடாது. ஸ்கேனில் மிச்சம் 150 என்று வந்திருந்தால், ஒவ்வொரு முறையும் குவளையில் 250க்கு மேல் வராதபடி இடைவெளியை அமையுங்கள். மிச்சம் இன்னும் தெரியாது என்றால் குவளையில் 300ஐ எல்லையாக வையுங்கள்.

மூன்று மணி நேரத்தில் தொடங்குங்கள். எழுந்ததும், பிறகு மூன்று மணிக்கொரு முறை, படுக்குமுன் ஒருமுறை. கைப்பேசியில் அலாரம் வையுங்கள். ‘வேலை முடிந்ததும் போகிறேன்’ என்பது இங்கே செல்லாது. அலாரம் அடித்தால் அடுப்பை அணைத்துவிட்டுப் போக வேண்டியதுதான். இரண்டு நாள் அளந்து, எல்லை தாண்டினால் இடைவெளியை இரண்டரை மணியாகக் குறையுங்கள். 150க்குக் கீழேயே வந்துகொண்டிருந்தால் மூன்றரை ஆக்கலாம், ஆனால் மிச்ச நீர் அளவு குறைவு என்று ஸ்கேன் சொல்லியிருந்தால் மட்டும். மேலே சொன்ன ‘மேலே வழிவது’ வகையினருக்கும் 80, 90தான் வரும் என்பதை மறக்க வேண்டாம்.

காலை முதல் அளவு 500ஐத் தாண்டுகிறதென்றால் இரவில் ஒரு அலாரம் தேவை. பின்னிரவு இரண்டு, மூன்று மணி வாக்கில். தூக்கம் கெடுகிறது என்று மறுப்பவர்கள் அதிகம், ஆனால் பை மிக அதிகமாக விரிவது தூங்கும் அந்த ஏழெட்டு மணி நேரத்தில்தான். மாலையில் கால் வீங்குபவர்கள் ஐந்து மணிக்குமேல் ஒரு மணி நேரம் காலை உயர்த்திப் படுத்தால் அந்த நீர் படுக்குமுன்னே இறங்கிவிடும். நீரிறக்கும் மாத்திரையை எத்தனை மணிக்குப் போடுவது என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

படி 5: முழுவதும் இறங்க உட்காரும் முறை

பொதுக் கழிப்பறையில் இருக்கையைத் தொடாமல் அரைகுறையாகக் குந்தி நிற்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. சுத்தம் பார்ப்பது சரிதான். ஆனால் அப்படி நிற்கும்போது தொடையும் இடுப்புத்தளமும் இறுகியே இருக்கும். பாதி நீர்தான் வரும். இருக்கையைத் துடைத்து, தாள் விரித்து, முழு எடையையும் வைத்து உட்காருங்கள்.

பாதம் தரையில் முழுவதும் படட்டும், எட்டாவிட்டால் சிறு முக்காலி. முழங்கால் விரித்து, சற்று முன்னால் சாய்ந்து, முழங்கையைத் தொடைமேல் ஊன்றுங்கள். வயிற்றைத் தளரவிட்டு மெதுவாக மூச்சை வெளியே விடுங்கள். முக்கக்கூடாது: முக்கும் ஒவ்வொரு முறையும் புடைப்பு கீழே வந்து மடிப்பை இறுக்குகிறது. அடிவயிற்றைக் கையால் அழுத்துவதும் இதே காரணத்தால் தவறு.

ஓட்டம் நின்றதும் எழுந்துவிடாதீர்கள். அரை நிமிடம், ஒரு நிமிடம் அப்படியே இருங்கள். இடுப்பை இடமும் வலமும் அசையுங்கள், எழுந்து நின்று இரண்டடி வைத்து மறுபடி உட்காருங்கள். பெரும்பாலும் இன்னும் ஐம்பது, நூறு மி.லி. வரும்.

மாலை நேரத்தில் புடைப்பு வெளியே இருந்தால் முதலில் அதை உள்ளே அனுப்ப வேண்டும். இடுப்புக்கடியில் தலையணை வைத்துப் பத்து நிமிடம் மல்லாந்து படுத்தாலே பலருக்குத் தானாக உள்ளே போய்விடும். வெளியிடத்தில் அது முடியாது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, இருக்கையில் உட்கார்ந்தபடி இரண்டு விரலால் புடைப்பை உள்நோக்கி மேல்புறமாகத் தாங்கிப் பிடித்துக்கொண்டே நீர் கழியுங்கள். நகம் வெட்டியிருக்கட்டும். ஒருமுறை தாங்கியும் ஒருமுறை தாங்காமலும் அளந்து பாருங்கள்: தாங்கும்போது 100 மி.லி. கூடுதலாக வந்தால், இறக்கத்தை உள்ளிருந்து தாங்கும் பெஸ்ஸரி வளையம் (படி 6) உங்களுக்கு நன்றாகப் பயன்படும் என்பதற்கு அதுவே நல்ல அறிகுறி.

தண்ணீர், மலம், பாரம்

சிறுநீர் பற்றிய கவலை வந்ததும் தண்ணீரைக் குறைப்பதுதான் முதல் தப்பு. சிங்கப்பூர் வெயிலில் உடல் வறண்டு, நீர் மஞ்சளாகி, நீர்க்கடுப்பும் கிருமித் தொற்றும் வரும். தேங்கிய நீரில் கிருமி வளர நேரம் வேறு கிடைக்கிறது. இதய, சிறுநீரக நோயால் கட்டுப்பாடு இல்லாதவர்கள் நாளுக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் வரை பரவலாகக் குடிக்கலாம், படுக்கைக்கு இரண்டு மணி நேரம் முன்பு குறைத்துக்கொள்ளலாம்.

மலச்சிக்கலுக்குப் பப்பாளி, கீரை, முழுத் தானியம். போதாவிட்டால் மருந்தகத்தில் லாக்டுலோஸ் கேளுங்கள். பத்துக் கிலோ அரிசி மூட்டையைத் தூக்காமல் ஐந்து கிலோவாக வாங்கித் தள்ளுவண்டியில் இழுத்து வாருங்கள். பேரக்குழந்தையைத் தரையிலிருந்து வாரித் தூக்கவும் வேண்டாம். உட்கார்ந்து மடியில் ஏற்றிக்கொள்ளலாம்.

இடுப்புத்தளப் பயிற்சி நிலை 1, 2 இறக்கத்துக்கு உதவும்: ஆறு முதல் எட்டு விநாடி இறுக்கி, அதே நேரம் முழுவதும் தளர்த்தி, எட்டு முதல் பன்னிரண்டு தடவை, நாளுக்கு மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம். உணர்வு மங்கியவர்களுக்குத் தளர்த்தும் பாதிதான் அதிகம் முக்கியம். சிறுநீர் போகும்போது நடுவில் நிறுத்திப் பழகுவது என்ற பழைய அறிவுரையை விட்டுவிடுங்கள். அது பையை அரைகுறையாகக் காலி செய்யவே பழக்கும்.

படி 6: பெஸ்ஸரி வளையம்

சிலிக்கோன் அல்லது பிவிசியில் செய்த வளையத்தைப் பிறப்புறுப்புக்குள் வைத்து இறக்கத்தைத் தாங்குவது இது. மடிப்பு நிமிர்ந்து, மிச்ச நீர் குறைகிறதா என்பதை அறுவை இல்லாமலே பார்க்க உதவும். சாதாரண வளையம் பலருக்குப் போதும். இறக்கம் பெரிதாக இருந்தால் தண்டுள்ள கெல்ஹார்ன் வகை. கனசதுர வகையை நாள்தோறும் கழற்றிக் கழுவ வேண்டும், அதனால் கையால் எட்டிக் கழற்றத் தெரிந்தவர்களுக்கே அது ஏற்றது.

பொருத்திய அன்று மருத்துவமனையை விட்டு அவசரமாகக் கிளம்பாதீர்கள். இருபது நிமிடம் நடங்கள், குந்துங்கள், இருமுங்கள், தண்ணீர் குடித்து ஒருமுறை நீர் கழியுங்கள். பிறகு மிச்ச நீரை அளக்கச் சொல்லுங்கள். வளையம் பெரிதாக இருந்தால் சிறுநீர்க்குழாயை அதுவே அழுத்தி அடைத்துவிடும். சாதாரணமானவருக்கு அப்போது வயிறு வலித்துத் தெரியும், உணர்வு மங்கியவருக்குத் தெரியாது. முதல் நாள் வீட்டிலும் குவளையில் அளந்துகொண்டே இருங்கள். நான்கு மணி நேரத்தில் வழக்கமான அளவில் பாதிகூட வரவில்லையென்றால் அன்றைக்கே திரும்பிப் போங்கள்.

வளையம் வைத்த பிறகு இருமும்போது புதிதாகச் சொட்டினால் வளையம் கெட்டது என்று பொருளில்லை. இதுவரை மடிப்பு மறைத்துவைத்திருந்த கசிவு அது. அறுவைக்கு முன்பே தெரிந்தது நல்லதுதான், மருத்துவரிடம் சொல்லுங்கள். துர்நாற்றத்தோடு வெள்ளைப்படுதல், இரத்தக் கறை இருந்தால் உள்ளே புண் வந்திருக்கலாம். மாதவிடாய் நின்றவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் கிரீம் எழுதுவார்கள். முதல் இரண்டு வாரம் இரவுதோறும், பிறகு வாரத்துக்கு இரண்டு தடவை என்பது வழக்கமான முறை. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். தானே கழற்ற முடியாதவர்கள் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றப் போக வேண்டும். மறந்துபோய் ஆண்டுக்கணக்கில் விட்ட வளையம் சதையில் புதைந்து, பக்கத்து உறுப்பையே அரிக்கும்.

படி 7: வீட்டிலேயே டியூப் வைத்து வடிப்பது

தாங்கியும் முழுவதும் வரவில்லை, மிச்சம் 300ஐ விட்டு இறங்கவில்லை என்றால் தாதி இதைக் கற்றுத் தருவார். கேட்டதும் பயப்படுகிறார்கள், பழகிய பிறகு ஐந்து நிமிட வேலை. பெண்ணின் சிறுநீர்க்குழாய் நீளம் நான்கு சென்டிமீட்டர்தான். பெரும்பாலும் 12 எண் பருமனுள்ள, ஒரே தடவை பயன்படுத்தி எறியும் டியூப் தருவார்கள்.

முதலில் முடிந்தவரை தானாகப் போங்கள். சோப்புப் போட்டுக் கை கழுவி, முன்னிருந்து பின்னாகத் துடைத்துவிட்டு, இதழ்களை விரல்களால் விரித்துப் பிடியுங்கள். புடைப்பு இருந்தால் உள்ளே தள்ளிய பிறகே தொடங்குங்கள், இறக்கத்தால் குழாயின் திசையே மாறியிருக்கும். ஆரம்பத்தில் ஒரு கைக்கண்ணாடி உதவும். டியூபை மெதுவாக மேல்நோக்கிச் செலுத்தி, நீர் வரத்தொடங்கியதும் இன்னும் இரண்டு சென்டிமீட்டர். நின்றதும் கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். பையின் அடியில் தங்கியது அப்போது வரும். நீரே வரவில்லையென்றால் டியூப் பிறப்புறுப்புக்குள் போயிருக்கும். அதை அங்கேயே அடையாளமாக விட்டுவிட்டு, அதற்கு மேலுள்ள துளையில் புது டியூபைப் போடுங்கள். தடை தட்டினால் பலவந்தமாகத் தள்ளக்கூடாது.

எத்தனை தடவை என்பதை மிச்ச அளவுதான் சொல்லும்: 300க்கு மேல் என்றால் நாளுக்கு மூன்று, நான்கு, 200 வாக்கில் ஒன்று, இரண்டு, தொடர்ந்து 100க்குக் கீழே வந்தால் நிறுத்துவது பற்றி மருத்துவரோடு பேசலாம். டியூப் பயன்படுத்துபவரின் சிறுநீரில் கிருமி தென்படுவது சகஜம். காய்ச்சலோ எரிச்சலோ வலியோ இல்லாமல் கிருமிக்கொல்லி மாத்திரை தேவையில்லை.

படி 8: அறுவைச் சிகிச்சை

முன்சுவரைத் தைத்து இறுக்குவது, கருப்பையை நீக்கி, பிறப்புறுப்பின் மேல்முனையை இடுப்புத் தசைநாரில் கட்டுவது, வயிற்றுத்துளை வழியாகச் செயற்கை வலையால் அதை முதுகெலும்பின் அடிப்பகுதியோடு இணைப்பது, இனி உடலுறவு வேண்டாம் என்று முடிவெடுத்த முதியவருக்குப் பாதையையே மூடித் தைப்பது என்று வழிகள் பல. பிறப்புறுப்பு வழியாக வைக்கும் வலைகளை முன்சுவர் இறக்கத்துக்கு விற்கக் கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2019 ஏப்ரலில் உத்தரவிட்டது. ‘வலை’ என்று யாராவது சொன்னால் எந்த வழியாக வைப்பது என்று கேளுங்கள். செலவில் மெடிசேவும் மெடிஷீல்டு லைஃப் காப்புறுதியும் எவ்வளவு தாங்கும் என்பதை மருத்துவமனையின் நிதி ஆலோசகர் முன்கூட்டியே எழுதித் தருவார்.

மடிப்பு நிமிர்ந்ததும் வெளியேற்றம் பலருக்கு விரைவில் மேம்படும். உணர்வு அப்படியில்லை. சிலருக்குச் சில மாதத்தில் திரும்பும், சிலருக்குப் பாதி திரும்பும், பல ஆண்டு விரிந்துகிடந்த பையில் திரும்பாமலும் போகும். அதனால் அறுவை முடிந்ததும் அலாரத்தை அழித்துவிட வேண்டாம். அறுவையின்போது வைத்த சிறுநீர் டியூபை எடுத்த நாளில் தானாக வந்ததையும் மிச்சத்தையும் தாதி அளப்பார். மிச்சம் அதிகமென்றால் சில நாள் டியூபோடு வீடு திரும்ப வேண்டியிருக்கும். இது அறுவை தோற்றதற்கு அடையாளம் அல்ல, வீக்கம் வற்ற எடுக்கும் காலம். ஆறு வாரம் பாரம் தூக்கக் கூடாது. அதன்பின் மூன்று நாள் கணக்கை மறுபடி எழுதி, பழையதோடு பக்கத்தில் வைத்து மருத்துவரிடம் காட்டுங்கள். உணர்வு எண் 2, 3 என்று 350 மி.லி.க்குள் தொடர்ந்து வரும்வரை மணிக்கணக்கு தொடரட்டும்.

வெளியே போகும் நாட்கள்

உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி நெரிசலில் பேருந்துக்குள் மாட்டினால் மூன்று மணி நேரம் சட்டென்று ஓடிவிடும். கிளம்புமுன் ஒருமுறை, சோதனைச்சாவடிக் கட்டடத்தில் ஒருமுறை, தேவை தெரியாவிட்டாலும் போய்விடுங்கள். தைப்பூசத்தில் சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் சாலைக்குப் பால்குடம் எடுப்பவர்கள், வரிசையில் நிற்கும் நேரத்தையும் சேர்த்து எண்ணி, நுழையுமுன் போய்விட வேண்டும். பால்குடத்தின் பாரத்தைப் பற்றி மருத்துவரிடம் முன்பே கேளுங்கள். வளையம் வைத்தவர்கள் சிறிய குடமாக எடுக்கலாம். தண்ணீர் குடிக்காமல் விரதம் இருந்தாலும் அலாரம் நிற்கக்கூடாது. முந்தின இரவு குடித்தது காலையில் பையில் சேர்ந்துகொண்டே இருக்கும்.

சென்னை விமானம் ஏறக்குறைய நான்கு மணி நேரம். ஏறும் வாயிலுக்குப் போகுமுன் ஒருமுறை, வானில் நடுவழியில் ஒருமுறை. டியூப்களைக் கைப்பையில் வையுங்கள், பெட்டியில் போட்டால் பெட்டி தாமதமாகும் நாளில் கையில் ஒன்றும் இருக்காது. பயண நாட்களோடு இரண்டு நாளுக்குக் கூடுதலாக எண்ணி எடுத்து, என்ன உபயோகம் என்று மருத்துவர் எழுதிய ஒரு கடிதத்தையும் உடன் வைத்துக்கொள்ளுங்கள். புடவை கட்டுபவர்கள் அன்றைக்கு மட்டும் சுடிதாரோ தளர்ந்த பாவாடையோ போட்டால், ஒடுங்கிய விமானக் கழிப்பறையில் புடவைக் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு பாதியில் எழும் நிலை வராது.